இணையத்திற் பெயர் மாற்றம்

உலகின்கண் பொருளினும் முந்தி நம் செவியை எட்டுவது அதன் பெயரேயாம். ஊரைக் காணுமுன் ஊர்ப்பெயரைக் கேட்கின்றோம். ஆளைக் காணுமுன் ஆளின் பெயரை அறிகின்றோம். ஆகலின் பெயரொன்று மாறுமாயின், அப்பெயராற் குறிக்கப்பட்ட பொருள் சிறிதும் மாறாதிருப்பினும், அதனைத் தேடி வருவோர் திகைப்புறுதல் இயல்பே. பெயரை மாற்றுதல் ஒரு நொடியில் முடிவது. அம்மாற்றத்தை உலகம் உணர்தலோ பல நாட்கள் கழித்து நிகழ்வது. இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் காலத்தில் வரும் இடர்கள் எவை, அவற்றுள் பொறுத்திருப்பின் தீர்வன எவை, பொறுத்தாலும் தீராதன எவை என்பவற்றை, வலைத்தளங்களின் பெயர் மாற்றத்தை உதாரணமாகக் கொண்டு, யான் கண்டறிந்த அளவில் ஈண்டுக் கூற விழைகின்றேன்.

சேலம் நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குப் பெயர் மாற்றம் புதியதன்று. விரிந்து கிடந்த பழைய சேலம் ஜில்லாவினின்று 1965-ஆம் ஆண்டில் தருமபுரி பிரிந்தது. 1997-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியில் நாமக்கல் தனி ஜில்லாவாயிற்று. அன்று காலையில் நாமக்கல் மலைக்கோட்டை நின்ற இடத்திலேயே நின்றது. திருமணிமுத்தாறு ஓடிய வழியே ஓடியது. இராசிபுரத்து நெய்யும் மோகனூர்க் கரும்பும் தம் சுவையில் வேறுபடவில்லை. மாறியது எழுத்திலுள்ள பெயரொன்றே. ஆயினும் அதன்பின் பல்லாண்டுகள் வரையில் எங்கள் உறவினர் அனுப்பிய திருமண அழைப்பிதழ்களில் 'நாமக்கல், சேலம் ஜில்லா' என்றே எழுதப்பட்டிருந்தது. அவை யாவும் தவறாது வந்து சேர்ந்தன. காரணம் யாதெனில், 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி தபால் இலாகாவினர் ஏற்படுத்திய பின்கோடு என்னும் ஆறிலக்க எண்ணேயாம். 637001 என்று எழுதிவிட்டால், மேலே எந்த ஜில்லாவின் பெயர் இருப்பினும் கடிதம் நாமக்கல்லையே நாடிச் செல்லும். மனிதர் பெயரை நினைவிற் கொள்வர். தபாலோ எண்ணைக் கொண்டு நடக்கும். இவ்வொரு செய்தியை மனத்திற் பதித்துக்கொள்வோமாயின், இணையத்தின் மருமம் பாதி விளங்கிவிட்டதென்றே கொள்ளலாம்.

நிற்க. இணையத்திலுள்ள ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் உண்டு. கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடிச் செல்வது அவ்வெண்ணைக் கொண்டே. எண்களை மனனம் செய்தல் மாந்தர்க்கு அரிதாகலின், எண்ணுக்கு ஈடாக ஒரு பெயரை வைத்தனர். அதுவே டொமைன் பெயர் எனப்படுவது; யான் இதனைத் தளப்பெயர் என்று வழங்குவேன். ஆதியில், அதாவது 1970-களில், அமெரிக்க நாட்டில் இணைக்கப்பெற்றிருந்த கம்ப்யூட்டர்கள் மிகச் சிலவே. அவற்றின் பெயரும் எண்ணும் அடங்கிய ஒரே ஏடு கலிபோர்னியா மாகாணத்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது. மற்றவர் அவ்வேட்டை அவ்வப்பொழுது படியெடுத்துக்கொள்வர். கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, படியெடுத்து முடிக்குமுன்னரே படி பழையதாயிற்று. இக்குறையை நீக்கும்பொருட்டு 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர் ஒரு புதிய முறையை வகுத்தார். டி. என். எஸ். என்னும் பெயரால் இன்றும் உலக முழுதும் வழங்குவது அம்முறையே. 1987-ஆம் ஆண்டில் அதன் விதிகள் திருத்தி எழுதப்பெற்றன.

அம்முறையின் சிறப்பு, ஒருவரே எல்லாம் அறிந்திருக்க வேண்டுவதில்லை என்பதாம். கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு நிலம் யாருடையதென்று அறிய விரும்புவோன் சென்னைக் கோட்டையிற் சென்று கேட்பின், அங்குள்ளோர் அதனை அறியார். ஆனால் எந்த ஜில்லாவிற் கேட்கவேண்டுமென்று அறிவர். ஜில்லாவில் உள்ளோர் தாலுகாவைக் காட்டுவர். தாலுகாவினர் கிராமத்தைக் காட்டுவர். கிராமக் கணக்கிலேதான் விடை கிடைக்கும். அதுபோன்றே தளப்பெயரைத் தேடுவோன் முதலில் வேர்ச் சர்வரைக் கேட்கின்றான். அவ்வேர்ச் சர்வர்களுக்கு 13 பெயர்கள் உள. அவை 'டாட் காம்' என்பதற்கோ 'டாட் இன்' என்பதற்கோ உரிய சர்வரைக் காட்டும். அது குறித்த பெயருக்கு உரிய சர்வரைக் காட்டும். அந்த உரிய சர்வரே இறுதியில் எண்ணைச் சொல்லும். இவ்வளவு அலைச்சலையும் நமக்காக மேற்கொள்வது நமக்கு இணைய இணைப்பு அளிப்போரிடத்திலுள்ள ரிசால்வர் என்னும் இடைத்தரகன்.

அவ்விடைத்தரகன் ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து தொடங்கி அலைவானாயின் ஒருவருக்கும் பணி நடவாது. ஆகவே ஒருமுறை கேட்டறிந்த விடையைச் சிறிதுகாலம் தன்னிடத்தே குறித்துவைத்துக் கொள்கின்றான். எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பதை விடையளித்த சர்வரே கூறிவிடுகின்றது. டி. டி. எல். என்னும் அவ்வெல்லை விநாடிகளிற் சொல்லப்படும். 300 என்றால் ஐந்து நிமிடம். 3600 என்றால் ஒரு மணி. 86400 என்றால் ஒரு நாள்.

இதற்கு நம் நாட்டு வழக்கமொன்றையே உவமை கூறலாம். நாமக்கல் மண்டலத்து முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவினர் அறிவிக்கின்றனர். தொலைவிலுள்ள சிற்றூர்க் கடைக்காரர் அவ்விலையைக் காலையிற் கேட்டுப் பலகையிற் சாக்கட்டியால் எழுதிவைக்கின்றார். மறுநாட் காலை வரையில் அவர் மீண்டும் கேட்பதில்லை. நடுப்பகலில் விலை மாறினும் பலகை மாறாது. அக்கடைக்காரர் பொய்யர் அல்லர், சோம்பேறியும் அல்லர், தாம் கேட்டதைக் கேட்டபடியே, சொல்லப்பட்ட காலம் வரையில் நம்பி நிற்பவர். அன்று முதன்முதலாக மாலையில் விலை கேட்கும் வேறொரு கடைக்காரருக்குப் புதுவிலையே கிடைக்கும். ஒரே ஊரில், ஒரே மாலையில், இரு விலை வழங்குவது இவ்வாறே.

இதனால் ஒரு தவறான கருத்து நீங்குகின்றது. பெயர் மாற்றம் இணையத்தில் 'பரவுகின்றது' என்றும், அது பரவ 48 மணி நேரம் ஆகுமென்றும் பலர் உரைக்கக் கேட்டிருப்போம். உண்மையில் ஒன்றும் பரவுவதில்லை. புதிய விடையைத் தலையிற் சுமந்துகொண்டு வீடுதோறும் செல்லும் தூதன் எவனுமிலன். பழைய விடைகள் தத்தம் தவணை முடிந்து ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உதிர்ந்தவர் மீண்டும் கேட்கின்றனர். கேட்டவர் புதியதைப் பெறுகின்றனர். அவ்வளவே. ஆகலின் தாமதம் என்பது புதிய செய்தியின் மந்தகதியன்று. பழைய செய்தியின் ஆயுள்.

இதனை யான் ஏட்டளவில் அறிந்திருந்தேனாயினும், அதன் பயனை நேரிற் கண்டது என் சித்தப்பாவின் ஆபீஸிலேயாம். அவர் நாமக்கல்லில் லாரித் தொழில் செய்பவர். கூட்டாளி விலகியபின் பழைய பெயர் தமக்குப் பொருந்தாதெனக் கருதித் தம் கம்பெனிக்குப் புதுப்பெயர் சூட்டினார். அதற்கேற்ப வலைத்தளத்தின் பெயரையும் மாற்ற எண்ணி, வெளியூரிலுள்ள ஒரு வலைத்தள வேலைக்காரரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் திங்கட்கிழமையன்று 'டாட் காம்' என முடியும் புதிய தளப்பெயரை விலைக்கு வாங்கினார். வாங்கிய நாள்முதல் அப்பெயரைத் திறந்தால், 'இப்பெயர் ஒருவராற் பெறப்பட்டுள்ளது' என்னும் விற்பனையாளரின் வெற்றுப் பக்கம் தோன்றிற்று. சித்தப்பாவும் குமாஸ்தாக்களும் ஆவல் மிகுதியால் நாள்தோறும் பன்முறை அதனைத் திறந்து பார்த்து வந்தனர். வியாழக்கிழமை மாலை 6 மணிக்கு வேலைக்காரர் அப்பெயரைப் புதிய சர்வருக்குத் திருப்பினார். அன்றிரவே பழைய சர்வரை அணைத்தும் விட்டார்.

மறுநாள் நிகழ்ந்தவை வியப்பூட்டுவன. நாகபுரியிலிருந்து ஓட்டுநர் ஒருவர் தம் செல்பேசியிற் புதிய தளத்தைத் திறந்து பார்த்து, மிக அழகாயிருக்கின்றதென்று கூறினார். நாமக்கல் ஆபீஸிலோ விற்பனையாளரின் அதே வெற்றுப் பக்கம் நின்றது. பழைய பெயரைத் திறந்தவர்க்கு ஒன்றுமே தோன்றவில்லை. யான் அப்போது விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். சித்தப்பா என்னை அழைத்து, "தம்பி, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற டிரைவருக்குத் தெரிகிறது, காசு கொடுத்த முதலாளிக்குத் தெரியவில்லையே! இது என்ன கூத்தப்பா?" என்றார்.

யான் முதலிற் செய்தது, என் செல்பேசியை ஆபீஸ் இணைப்பிலிருந்து விலக்கிச் செல்பேசிக் கம்பெனியின் இணைப்பில் அத்தளத்தைத் திறந்ததே. புதிய பக்கம் உடனே தோன்றிற்று. எனவே சர்வர் நலமாயுள்ளது, குறை வழியிலேதான் உள்ளது என்பது தெளிவாயிற்று. அடுத்து, என்எஸ்லுக்அப் என்னும் சிறு கருவியைக் கொண்டு, பெயருக்கு உரிய சர்வரையே நேரிற் கேட்டேன். அது புதிய எண்ணைச் சரியாகக் கூறிற்று. மூன்றாவதாக, ஆபீஸ் இணைப்பின் ரிசால்வரைக் கேட்டேன். அது விற்பனையாளரின் சர்வரையே இன்னும் உரியதாகக் கொண்டிருந்தது. அவ்விடைக்கு எஞ்சிய ஆயுள் எவ்வளவென்று விரித்துக் கேட்டபோது 108000 விநாடி என்று காட்டிற்று. அப்பொழுது வெள்ளிக்கிழமை காலை 11 மணி. அரைமணி கழித்துக் கேட்டேன், 106200 என்றது. கடிகாரத்தைப்போல் அது குறைந்துகொண்டே வந்தது. 'டாட் காம்' சர்வர்கள், ஒரு பெயருக்கு உரிய சர்வர் இன்னதென்று சொல்லும் விடைக்குக் குறிக்கும் ஆயுள் 172800 விநாடி, அதாவது இரண்டு முழு நாட்கள். ஆபீஸ் ரிசால்வர் அவ்விடையை வியாழக்கிழமை மாலை 5 மணிக்குப் புதிதாகப் பெற்றிருந்தது. பெயர் திருப்பப்பட்டதோ அதற்கு ஒரு மணி பின்னர். எனவே சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் திறக்கும் என்று கணக்கிட்டுச் சொன்னேன்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. நாகபுரி ஓட்டுநர் அதற்குமுன் அப்பெயரைக் கேட்டவரல்லர். அவர் சென்ற வழியிலுள்ள ரிசால்வரும் கேட்டதன்று. ஆகலின் அவருக்குப் பழைய விடை யாதொன்றும் இல்லை; முதல் விடையே புதிய விடையாயிற்று. ஆபீஸில் இருந்தோரோ ஆவலாற் பன்முறை கேட்டமையின், பழைய விடையைத் தங்கள் பக்கத்திலேயே புதுப்பித்துக்கொண்டனர். யார் மிகுதியாக எதிர்பார்த்தனரோ அவர்க்கே அது மிகத் தாமதமாகக் கிட்டிற்று. புதிய பெயரை ஆயத்தமாகுமுன் திறந்து பார்த்தல் ஆகாது என்று வல்லோர் எச்சரிப்பது இதுபற்றியே. ஒரு பெயர் பதிவாகுமுன்னரே அதனைக் கேட்பினும் இவ்வாறே; 'அப்பெயர் இல்லை' என்னும் விடையையும் ரிசால்வர் சிறிதுகாலம் குறித்துவைத்துக்கொள்ளும். இதற்கும் 1998-ஆம் ஆண்டிலே விதி வகுத்துள்ளனர்.

சனிக்கிழமை மாலை 5 மணி கடந்த சில நிமிடங்களில் ஆபீஸில் புதிய தளம் திறந்தது. ஒரு குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய வெற்றுப் பக்கமே நின்றது. அஃது அவருடைய பிரவுசர் தன் சேமிப்பில் வைத்திருந்த படி. சேமிப்பை அழித்தவுடன் அதுவும் நீங்கிற்று.

இவையெல்லாம் பொறுத்திருப்பின் தீர்வன. பொறுத்தாலும் தீராத ஒன்றும் அவ்விரண்டு நாட்களில் நிகழ்ந்துவிட்டது. வேலைக்காரர் வெள்ளிக்கிழமை முழுதும் தொலைபேசியில் அகப்படவில்லை. சனிக்கிழமை நண்பகலில் அவர் அகப்பட்டுப் பழைய சர்வரை மீண்டும் இயக்கினார். இயக்கிய சிறிது நேரத்தில், பழைய பெயருக்கு அனுப்பப்பெற்ற ஈமெயில்கள் சில வந்து விழுந்தன. அனுப்புவோரின் சர்வர், பெறுவோரின் சர்வர் உறங்கினால் உடனே கடிதத்தைத் திருப்பிவிடாமல், சில நாட்கள் வரை விட்டுவிட்டு முயலும் இயல்புடையது. அவ்வாறு காத்திருந்து வந்த கடிதங்களுள் ஒன்று வடநாட்டு ஆலை ஒன்றினது. வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு எழுதப்பட்டது. மாதந்தோறும் இரண்டு லாரிகளுக்கு லோடு தருவதாகவும், அன்று மாலை 5 மணிக்குள் வாடகை விகிதத்தைத் தெரிவிக்கவேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. சித்தப்பா உடனே தொலைபேசியிற் பேசினார். வேலை வேறொருவருக்குக் கொடுபட்டுவிட்டது என்றனர்.

இரண்டு லாரிகளின் தவணைப் பணமும், ஓட்டுநர் இருவரின் பிழைப்பும் அந்த லோடைச் சார்ந்திருக்கக் கூடியவை. சித்தப்பா சினந்து பேசவில்லை. சற்றுநேரம் பேசாதிருந்து, பின்னர், "புதுப் பெயர் இரண்டு நாள் தெரியாமற் போனதில் எனக்கு வருத்தமில்லை, தம்பி. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவனுக்கு ஏனென்று கேட்க ஆளில்லாமற் போயிற்றே!" என்றார். இணைய நூல்கள் பல கற்றும் யான் பெறாத தெளிவை அவ்வொரு சொல்லிற் பெற்றேன். புதிய பெயர் தோன்றுவதற்கு ஆகும் தாமதம் எண்ணிச் சொல்லத்தக்கது, எல்லையுடையது. பழைய பெயரை அணைப்பதால் வரும் நட்டமோ எண்ணித் தீராதது. ஏனெனில் யார் வந்து கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினர் என்பதே நமக்குத் தெரியாது.

ஆகவே தளப்பெயர் மாற்ற விரும்புவோர் மேற்கொள்ளத்தக்க முறையை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றேன். முதலாவது, மாற்றத்திற்கு இரண்டு நாட்கள் முன்னரே, தம் சர்வர் கூறும் விடைகளின் ஆயுளை 86400 விநாடியினின்று 300 விநாடியாகக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். பழைய ஆயுள் கழிந்தபின்னரே இக்குறைப்புப் பயன்படுமாதலின், முன்கூட்டிச் செய்தல் இன்றியமையாதது. மாற்றம் நிலைத்தபின் மீண்டும் உயர்த்திக்கொள்ளலாம். இரண்டாவது, புதிய பெயரை வாங்கியவுடனேயே உரிய சர்வரைக் குறித்துவிட்டு, அதன்பின்னரே பிறர்க்கு அப்பெயரைச் சொல்லுதல் வேண்டும். மூன்றாவது, பழைய சர்வரும் புதிய சர்வரும் சில நாட்களேனும் ஒருங்கே இயங்கல் வேண்டும். நான்காவது, பழைய பெயருக்கு வருவோரைப் புதிய பெயருக்கு நிலையாகத் திருப்பிவிடும் ஏற்பாடு செய்தல் வேண்டும். 301 என்னும் எண்ணாற் குறிக்கப்படுவது இத்திருப்பமே. இதனைக் குறைந்தது ஓராண்டேனும் வைத்திருக்கவேண்டுமென்று கூகுள் கம்பெனியார் அறிவுறுத்துகின்றனர். ஐந்தாவது, பழைய பெயரின் உரிமையைப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வருதல் வேண்டும். கைவிட்ட பெயரை வேறெவரும் வாங்கலாம். வாங்கியவர் நம் வாடிக்கைக்காரரை நம் பெயராலேயே ஏமாற்றலாம்.

இவையெல்லாம் செய்தும் தளம் திறவாதாயின், வெறுமனே காத்திருத்தலும் அறிவுடைமையன்று. பதறி மணிக்கொருமுறை ஏற்பாடுகளை மாற்றுதலும் அறிவுடைமையன்று. மாற்றுந்தோறும் புதிதாகக் கேட்பவர் கையில் வெவ்வேறு விடைகள் சேர்ந்து குழப்பம் பெருகும். பெயருக்கு உரிய சர்வரை முதலிற் கேட்டல் வேண்டும். அதுவே தவறான விடை கூறுமாயின் குறை நம்முடையது. எத்தனை நாள் காத்திருப்பினும் தீராது. அது சரியான விடை கூற, ரிசால்வர் மட்டும் பழையதைக் கூறுமாயின், அது தானே தீரும். விரைந்து தீரவேண்டுவோர் தம் கம்ப்யூட்டரில் வேறு ரிசால்வரைக் குறித்துக்கொள்ளலாம். 2009-ஆம் ஆண்டு முதல் கூகுள் கம்பெனியார் 8.8.8.8 என்னும் எண்ணிலும், 2018-ஆம் ஆண்டு முதல் கிளவுட்ஃபிளேர் கம்பெனியார் 1.1.1.1 என்னும் எண்ணிலும் யாவர்க்கும் பொதுவான ரிசால்வர்களை நடத்துகின்றனர். இவற்றின் நினைவிலுள்ள பழைய விடையை அழிக்கும்படி வேண்டிக்கொள்வதற்கும் தனிப்பக்கங்கள் உள. விடைகள் யாவும் சரியாயிருந்தும் பிரவுசர் 'இத்தளம் பாதுகாப்பற்றது' என்று தடுக்குமாயின், அது தாமதத்தால் வந்ததன்று. புதிய பெயருக்குரிய பாதுகாப்புச் சான்றிதழ் பெறப்படவில்லை என்பதே பொருள். அதனைப் பெற்றாலன்றிக் குறை நீங்காது.

கம்ப்யூட்டர்களின் நினைவுக்கு இவ்வாறு ஆயுள் வரையறுக்கப்பட்டுள்ளது. மாந்தர் நினைவிற்கும், அச்சிட்ட தாளுக்கும், லாரியின் பின்புறத்துப் பெயின்டுக்கும் அத்தகைய வரையறை இல்லை. நாமக்கல் ஜில்லாவின் அரசாங்கத் தளமே முன்னர் 'நாமக்கல்.டிஎன்.நிக்.இன்' என்னும் நீண்ட பெயரோடிருந்து, இப்பொழுது 'நாமக்கல்.நிக்.இன்' என்னும் சுருங்கிய பெயரில் வழங்குகின்றது. பழைய பெயரை அச்சிட்ட நூல்கள் திருத்தம் பெறாமலே அலமாரிகளில் இருக்கும். அவற்றைப் படித்துத் தேடுவோன் எந்த ஆண்டில் வருவான் என்று யாரால் அறுதியிட முடியும்?

இப்பொருள் ஒரு சில வணிகரைமட்டும் சார்ந்ததென்று எண்ணவேண்டா. 2025-ஆம் ஆண்டில் இந்திய நாட்டு பாங்குகள் அனைத்தும் தம் தளப்பெயரை மாற்றும்படி நேர்ந்தது. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் தேதி ரிசர்வ் பாங்கியார் இதனை முதலில் அறிவித்தனர். ஏப்ரல் 22-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில், அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் எல்லா பாங்குகளும் 'டாட் பேங்க் டாட் இன்' என்னும் முடிவுடைய பெயருக்கு மாறிவிடல் வேண்டுமென்று விதித்தனர். இம்முடிவுடைய பெயரைப் பதிவு செய்துதரும் அதிகாரம் ஹைதராபாத்திலுள்ள பாங்குத் தொழில்நுட்ப வளர்ச்சி ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கே அளிக்கப்பட்டது. பாங்கு அல்லாதார் இப்பெயரைப் பெறவியலாதாகலின், போலித் தளங்களை இனங்காணுதல் எளிதாகும் என்பதே இதன் நோக்கம். நோக்கம் மிக நன்று. ஆயினும் பெயர் மாறும் காலமே கள்வர்க்கு உகந்த காலம் என்பதை மறத்தலாகாது. 'உங்கள் பாங்கின் பெயர் மாறிவிட்டது. கீழ்க்கண்டதை அழுத்துக' என்று வரும் செய்தி மெய்யோ பொய்யோ என்று, பயிர்க்கடனுக்கும் முதியோர் உதவிப்பணத்துக்கும் பாங்கை நம்பியிருக்கும் பரமத்தி வேலூர் விவசாயியோ ஆத்தூர் மூதாட்டியோ எங்ஙனம் அறிவர்?

அவர்க்குக் கற்றோர் சொல்லத்தக்க செய்தி மிக எளிது. தளப்பெயரை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். பெயரின் உரிமை அதன் கடைசிப் பகுதியிலேயே உள்ளது. முதற் சாய்கோட்டிற்கு முன்னுள்ள பகுதி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிந்தால் அது பாங்கினுடையது. அச்சொற்கள் நடுவில் வந்து, முடிவில் வேறொன்று நிற்குமாயின் அது போலி. நம் முன்னோர் கடிதத்தின் மேலுறையில் ஊரையும் ஜில்லாவையும் கடைசியிற் பார்த்தே கடிதம் எங்குச் செல்வதென்று தீர்மானித்தனர் அன்றோ? அதுபோன்றதே இதுவும். ஐயம் தோன்றின் செய்தியிலுள்ளதை அழுத்தாமல், பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பாங்குக் கிளைக்கே நேரிற் சென்று கேட்டல் தக்கது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை வலைத்தளங்களை ஆக்குவோராகவும், நடத்துவோராகவும், குறைந்தபட்சம் வீட்டிலுள்ள பெரியோர்க்கு அவற்றைத் திறந்து காட்டுவோராகவும் இருக்கப்போகின்றோம். திறவாத தளத்தின்முன் அமர்ந்து, 'நெட் மெதுவாயிருக்கிறது' என்று பொதுப்படக் கூறிவிடுதல் எளிது. எந்த விடை பழையது, அது யாரிடத்தில் உள்ளது, அதற்கு எஞ்சிய ஆயுள் எவ்வளவு என்று வினவியறிந்து கூறுதலே கல்விக்கு அழகு. அவ்வாறு கூறின், காத்திருப்போர்க்குக் காத்திருத்தலும் துன்பமாகாது. புதிய பெயரைச் சூட்டிக்கொள்வது எவர்க்கும் உரிய உரிமை. பழைய பெயரைச் சொல்லி அழைத்து வருவோர்க்கும் கதவைத் திறந்து வழிகாட்டுவது, அவ்வுரிமையோடு உடன்பிறந்த கடமையென்று கொள்வோமாக.